குறுந்தட்டில் கிடக்கும் கண்மாய் வரைபடங்களை நூலகம் என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டது இது: தென் மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றின் நூலகத்தில் வேலை. புவியியல், சிவில், வேளாண் துறை மாணவர்கள் ஆய்வேட்டோடு ஒப்படைத்த குறுந்தட்டுகளும் பென்டிரைவ்களும் முந்நூறு அளவில் அலமாரியில் கிடக்கின்றன. உள்ளே கண்மாய், மடை, கிணறு, நிலப்பயன்பாடு என்று உள்ளூர் வரைபடத் தரவுகள். டிஸ்பேஸ் என்னும் மின்களஞ்சிய மென்பொருள் ஏற்கெனவே ஓடுகிறது. இவற்றை எல்லாரும் தேடி எடுக்கும்படி வைக்க எந்த மென்பொருளை நிறுவுவது? மென்பொருளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இருப்பதிலேயே எளிய பகுதி அதுதான். உங்கள் கேள்விக்குள் இருக்கும் பெரிய கேள்வி வேறு. ஒரு ஷேப்ஃபைலை, அதாவது வரைபடத் தரவுக் கோப்பைத் திறக்கும் அந்நியர் ஒருவர், அது எங்கே, எப்போது, எந்தக் கருவியால், எவ்வளவு துல்லியமாக எடுக்கப்பட்டது என்பதைச் செய்தவரைக் கேட்காமலே தெரிந்துகொள்ள முடியுமா? முடியாதென்றால் எந்தப் போர்ட்டலில் ஏற்றினாலும் அவை வெறும் கோடுகள்.

இந்த வேலை நூலகத்துக்கு ஏன் வந்து சேர்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நிர்வாகத்திடம் பேசும்போது உதவும். யுஜிசியின் 2009 விதிமுறைக்குப் பிறகு முனைவர் பட்ட ஆய்வேடுகள் இன்ஃப்லிப்நெட் நடத்தும் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறுகின்றன. அங்கே போவது பிடிஎஃப். வரைபடத்தின் படம் அதில் இருக்கும். படத்துக்குப் பின்னால் இருக்கும் புள்ளிகளும் கோடுகளும் அட்டவணையும் இருக்காது. மாணவர் பட்டம் வாங்கிப் போய்விடுவார், அவருடைய மடிக்கணினி மாறிவிடும், நெறியாளர் ஓய்வு பெறுவார். ஒரு வட்டாரத்தின் நூற்றுக்கணக்கான மடைகளை நடந்து நடந்து குறித்த உழைப்பின் ஒரே பிரதி உங்கள் அலமாரியில் இருக்கும் தட்டாகவே இருக்கலாம். அதனால் முதல் வேலை, எதையும் திறந்து பார்க்கும் முன் எல்லாவற்றையும் அப்படியே வன்தட்டுக்கு நகலெடுப்பது. தட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்புறை, ஆய்வேட்டின் அழைப்பெண்ணே கோப்புறையின் பெயர். நகலெடுத்ததும் ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் எண்) எடுத்து ஓர் உரைக்கோப்பில் வையுங்கள். எழுதக்கூடிய குறுந்தட்டின் சாயப்பூச்சு காலப்போக்கில் கெடும், நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் இன்னும் சீக்கிரம் கெடும். ஒருமுறை படிக்க முடியாத தட்டை வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். சில சமயம் படித்துவிடும்.

அடுத்து ஆய்வு. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் போதும், இலவசம். ஷேப்ஃபைல் என்று நாம் சொல்வது ஒரு கோப்பு அல்ல. எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப் மூன்றும் கட்டாயம். பிஆர்ஜே இருந்தால்தான் ஆயத்தொலை முறை தெரியும். சிபிஜி இருந்தால்தான் எழுத்துக் குறியாக்கம் தெரியும். மாணவர்கள் எஸ்எச்பியை மட்டும் நகலெடுத்துத் தந்திருப்பது சாதாரணமாக நடக்கும். எஸ்எச்எக்ஸ் இல்லாவிட்டால் மீட்டெடுத்துவிடலாம். டிபிஎஃப் இல்லாவிட்டால் கண்மாயின் வடிவம் இருக்கும், பெயரும் பரப்பும் போய்விடும். ஆர்க்மேப் என்ற பழைய வரைபட மென்பொருளின் எம்எக்ஸ்டி கோப்பு மட்டும் இருந்தால் அதில் தரவே இல்லை, தரவு எங்கிருந்தது என்ற வழிதான் இருக்கிறது. எம்டிபி வடிவிலான பழைய பெர்சனல் ஜியோடேட்டாபேஸ்களை முதலில் கவனியுங்கள். ஆர்க்மேப்புக்கு அடுத்து வந்த ஆர்க்ஜிஐஎஸ் புரோ அவற்றைத் திறக்காது. ஆர்க்மேப்புக்கு ஆதரவு 2026 மார்ச் வரைதான் என்று அதைத் தயாரித்த எஸ்ரி நிறுவனமே அறிவித்தது. ஆர்க்மேப் இருக்கும் கணினி வளாகத்தில் ஒன்று மிச்சமிருந்தாலும் அதைக் கழித்துக்கட்டுவதற்குள் இந்தக் கோப்புகளை மாற்றிவிட வேண்டும்.

ஆயத்தொலைகளில்தான் பிழைகள் அதிகம், ஆனால் அவை ஒரே மாதிரியான பிழைகள். அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருந்தால் மதுரைக் கிணறு 78 பாகை வடக்கில், ஆர்க்டிக் கடலில் ஸ்வால்பார்ட் தீவுகளின் மேற்குப் பக்கம் போய் நிற்கும்; இது கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாதது பாகை-கலைக் குழப்பம். 10 பாகை 30 கலை என்பதை 10.30 என்று தட்டச்சு செய்தால் சரியான 10.50-இலிருந்து 0.2 பாகை தள்ளிப்போகிறது, தரையில் ஏறக்குறைய 22 கிலோமீட்டர். புள்ளி தமிழ்நாட்டுக்குள்ளேயே விழுவதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அட்டவணையில் தசமத்துக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கங்கள் எந்த வரியிலும் 60-ஐத் தாண்டவே இல்லை என்றால் அது பாகை-கலையோ என்று சந்தேகப்படுங்கள்; சிறிய பகுதியின் தரவானால் இது மட்டும் போதாது, செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். எத்தனை தசம இலக்கம் என்பதும் பேசும்: நான்கு இலக்கம் சுமார் 11 மீட்டர், ஐந்து இலக்கம் சுமார் 1 மீட்டர். கைப்பேசி ஜிபிஎஸ்ஸில் எடுத்ததை எட்டு இலக்கத்தில் எழுதியிருந்தால் அந்தத் துல்லியத்தை நம்பாதீர்கள். குறிப்பில் "கைப்பேசி, சில மீட்டர் பிழை" என்றே எழுதுங்கள்.

யூடிஎம் (உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) மண்டலம் உங்கள் பகுதிக்கே உரிய தொல்லை. 43-க்கும் 44-க்கும் எல்லை 78 பாகைத் தீர்க்கரேகை. திண்டுக்கல் அதற்கு ஒரு நூல் மேற்கே, மதுரை சற்றுக் கிழக்கே. தேனி, திருநெல்வேலி, கோவை 43-இல். திருச்சி, சிவகங்கை, சென்னை 44-இல். பிஆர்ஜே கோப்பு இல்லாமல் மீட்டர் எண்கள் மட்டும் வந்தால் கிழக்கு மதிப்பை, அதாவது மேற்கிலிருந்து கிழக்காக அளந்த எண்ணைப் பாருங்கள். மதுரை நகரம் 44-இல் ஏறத்தாழ 1,84,000. 43-ஐ நீட்டி அளந்தால் 8,42,000 பக்கம். 44-இல் எடுத்த மதுரைத் தரவுக்குத் தவறாக 43 என்று பெயர் கொடுத்தால் ஊர் முழுக்க லட்சத்தீவுக் கடலுக்குப் போய்விடும். மண்டலம் தெரிந்ததும் ஆயத்தொலை முறைக்கான குறியீடான ஈபிஎஸ்ஜி எண்ணைத்தான் எழுத வேண்டும்: 43 வடக்கு 32643, 44 வடக்கு 32644, வெறும் பாகைகளானால் 4326. "டபிள்யூஜிஎஸ் 84" என்று புவி மாதிரியின் பெயரை மட்டும் எழுதினால் இந்த மூன்றில் எது என்று தெரியாது.

பழைய டோப்போ ஷீட்டைப் பார்த்து வரைந்தவற்றுக்குத் தனிக் கவனம் வேண்டும். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய 1:50,000 தாள்கள் எவரெஸ்ட் கோளவுரு என்ற பழைய புவி மாதிரியை அடிப்படையாகக் கொண்டவை. 2005-இன் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த ஓப்பன் சீரிஸ் தாள்கள்தான் டபிள்யூஜிஎஸ் 84. பழைய தாளின் 15 கலைக் கட்டமூலைகளை அப்படியே டபிள்யூஜிஎஸ் என்று எடுத்துக்கொண்டு பொருத்தினால் தமிழ்நாட்டில் இருநூறு மீட்டர் அளவுக்கு எல்லாம் ஒரே திசையில் நகர்ந்திருக்கும். அடையாளம் இதுதான்: அடுக்கைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வையுங்கள், எல்லாக் கண்மாய்க் கரைகளும் ஒரே அளவு, ஒரே பக்கம் விலகியிருந்தால் டேட்டம் (புவி மாதிரி) பிழை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் விலகியிருந்தால் வரைந்ததில் பிழை. முன்னதைத் திருத்தலாம். பின்னதைத் திருத்தப் போகாதீர்கள், குறிப்பில் எழுதிவிடுங்கள். எதைத் திருத்தினாலும் மூலக்கோப்பை அழிக்கக் கூடாது. திருத்தியது இரண்டாம் பதிப்பாக, என்ன செய்தோம் என்ற ஒரு வரியோடு பக்கத்தில் இருக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள் விஷயத்தில் வெளிநாட்டு வழிகாட்டிகள் எதுவும் கைகொடுக்காது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பழைய அட்டவணைகளில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த பெயர்கள் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். அது கெட்டுப்போன தரவு அல்ல, ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம். எந்த எழுத்துரு என்று ஆய்வேட்டில் எழுதியிருக்காது. இருபது வரியை எடுத்து ஒவ்வொரு மாற்றியிலும் போட்டுப் பாருங்கள், எதில் ஊர்ப்பெயர் ஊர்ப்பெயராக வருகிறதோ அதுதான். மாற்றிய பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. சில மாற்றிகள் "கோ" என்பதை இரட்டைக்கொம்பு, கால் என்று துண்டு துண்டாக விட்டுவிடும். திரையில் வேறுபாடு தெரியாது, "கோவிலாங்குளம்" என்று தேடினால் கிடைக்காது. ஒருங்குறியின் என்எஃப்சி சீராக்கத்தை முழு அட்டவணைக்கும் ஓட்டினால் கொம்பும் காலும் ஒன்றுசேர்ந்துவிடும். ஒற்றைக்கொம்பை இரட்டைக்கொம்பாக மாற்றி வைத்த பிழையை அது திருத்தாது, அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

ஷேப்ஃபைலே தமிழுக்குப் பொருந்தாத பெட்டி. நெடுவரிசைத் தலைப்புக்கு அது தரும் இடம் 10 பைட். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். "கண்மாய்" என்ற சொல்லுக்கே 21 வேண்டும். உள்ளே எழுதும் மதிப்புக்கு 254 பைட், அதாவது 84 குறியீடுகள். கண்மாயின் பெயரோடு கிராமமும் வட்டமும் சேர்த்து எழுதியிருந்தால் பாதியில் அறுந்துபோகும். ஆகவே பாதுகாப்புப் பிரதியை ஜியோபேக்கேஜ் வடிவில் வையுங்கள். ஓஜிசி என்ற புவித்தகவல் தரநிலை அமைப்பின் 2014 தரநிலை அது. ஒரே கோப்பு, உள்ளே எஸ்கியூலைட் தரவுத்தளம், எழுத்து முழுக்க ஒருங்குறி, நெடுவரிசைப் பெயர் நீளத் தொல்லையும் இல்லை. ஷேப்ஃபைல்தான் வேண்டும் என்பவர்களுக்குப் பதிவிறக்கப் பிரதியாக அதையும் தரலாம்.

உரிமை பற்றி இனி. இதில் உறுதியானதும் ஐயமானதும் கலந்திருக்கின்றன. சட்ட விளக்கம் என் துறை அல்ல என்பதால், கீழே சொல்வதைப் பல்கலைக்கழகச் சட்ட ஆலோசகரிடம் காட்டி எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். மாணவர் களத்தில் தானே ஜிபிஎஸ் எடுத்துச் செய்தது, லேண்ட்சாட், சென்டினல்-2, எஸ்ஆர்டிஎம் போன்ற, விண்வெளியிலிருந்து எடுத்த திறந்த தரவிலிருந்து உருவாக்கியது, இவ்விரண்டும் தெளிவானவை: மாணவரின் கையொப்பமும் மூலத்துக்கான நன்றிக் குறிப்பும் இருந்தால் வெளியிடலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்ததென்றால் அதன் ஓடிபிஎல் உரிமத்திலேயே திருப்பித் தர வேண்டும். அதன் மேல் உங்கள் விருப்ப உரிமத்தை ஒட்ட முடியாது. கூகுள் எர்த் படத்தின் மேல் தடம் பார்த்து வரைந்த அடுக்குகளைப் பொதுவில் வைக்காதீர்கள். அதன் பயன்பாட்டு விதிகள் அப்படி வரைந்து தரவுத்தொகுப்பு உருவாக்குவதைக் கட்டுப்படுத்துகின்றன. நம் ஆய்வேடுகளில் இந்த வகைதான் நிறைய இருக்கும், வருத்தமான விஷயம். அவற்றுக்கு விவரப் பதிவை (எங்கே, எப்போது, யார் எடுத்தது என்ற குறிப்பை) மட்டும் வெளியிட்டு, கோப்பை நூலகத்துக்குள் பார்க்கத் தரலாம். புலப்படம், கிராம வரைபடம் போன்ற வருவாய்த்துறை ஆவணங்களிலிருந்து வரைந்தவை ஐயத்துக்குரிய நடுப்பகுதி; துறையின் அனுமதிக் கடிதம் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அறிவியல் தொழில்நுட்பத் துறை 2021 பிப்ரவரி 15 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளையும் நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். இந்திய நிறுவனங்கள் வரைபடத் தரவு சேகரிக்கவும் வெளியிடவும் முன்னனுமதி தேவையில்லை என்று அது வழியைத் திறந்துவிட்டது. 2022 டிசம்பரில் வந்த தேசிய புவித்தகவல் கொள்கையும் அதே பாதைதான். ஆனால் கிடைமட்டத்தில் 1 மீட்டர், செங்குத்தில் 3 மீட்டர் என்ற வரம்பைவிட நுண்ணிய தரவை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில்தான் வைக்கவும் செயலாக்கவும் வேண்டும். டிஜிபிஎஸ் (பிழை திருத்திய ஜிபிஎஸ்), டிரோன் தரவெல்லாம் இதில் அடங்கும். ஆராய்ச்சியாளர்கள் வழக்கமாக ஏற்றும் ஜெனோடோ தரவுக் களஞ்சியத்தை நடத்துவது ஐரோப்பாவின் செர்ன். அந்த அளவு நுண்ணிய தரவை அங்கே ஏற்றச் சொல்லாதீர்கள். வளாகத்துக்குள் நூலகத்தின் சொந்த சர்வர் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்க இதைவிட வலுவான காரணம் கிடையாது.

சட்டம் அனுமதித்தாலும் வெளியிடக் கூடாதவை உண்டு. வீடு வீடாகப் புள்ளி வைத்து சாதி, வருமானம், நோய் எழுதிய அடுக்கில் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. புள்ளியே ஆளைக் காட்டிக்கொடுக்கும். தெரு அளவிலோ ஊர் அளவிலோ தொகுத்துத்தான் தர வேண்டும். அரிய பறவையின் கூடு, வேர்வரை தோண்டி விற்கப்படும் மூலிகை, காவலில்லாத தொல்லியல் மேடு, இவற்றின் ஆயத்தொலையை இரண்டு தசமத்துக்குக் குறைத்தால் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு மங்கிவிடும். மங்கலாக்கியதை விவரப் பதிவில் சொல்ல வேண்டும்; இல்லாவிட்டால் அடுத்த ஆய்வாளர் அதைத் துல்லியம் என்று நம்பி ஏமாறுவார்.

விவரப் பதிவுக்கு ஐஎஸ்ஓ 19115 தரநிலை முழுவதையும் நிரப்ப முயன்றால் பத்தாவது தட்டிலேயே களைத்துப்போவீர்கள். டிஸ்பேஸின் டப்ளின் கோர் புலங்களோடு (தலைப்பு, ஆசிரியர், தேதி போன்றவை) நான்கைச் சேர்த்தால் போதும்: களப்பணி நடந்த மாதமும் ஆண்டும், ஈபிஎஸ்ஜி எண், கருவியும் மூலமும், நான்கு எல்லை ஆயத்தொலைகள். களப்பணித் தேதி ஆய்வேட்டின் தேதி அல்ல, இரண்டுக்கும் இடையே நாலைந்து ஆண்டு இருக்கலாம். எல்லை ஆயத்தொலைகளை எந்த வரிசையில் எழுதுவது என்று ஒருமுறை முடிவுசெய்து மாற்றாமல் வையுங்கள்: ஜியோஜேசன் கோப்பு வடிவம் மேற்கு, தெற்கு, கிழக்கு, வடக்கு என்று கேட்கும், ஜியோபிளாக்லைட் மென்பொருள் மேற்கு, கிழக்கு, வடக்கு, தெற்கு என்று கேட்கும். இடப்பெயரில் மாவட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம். 2019-க்கு முன் "வேலூர் மாவட்டம்" என்று எழுதியதில் இன்றைய ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் அடங்கும். "திருநெல்வேலி மாவட்டம்" என்றால் தென்காசியும் சேர்ந்தது. அன்றைய பெயர், இன்றைய பெயர் இரண்டையும் எழுதுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலும் பல விதம். 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி 2020-இல் வந்த அரசாணையே சில நாளில் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே தமிழ்ப் பெயரையும் அதோடு ஊராட்சிகளுக்கான எல்ஜிடி (உள்ளாட்சி அமைப்புகளின் அரசு அடைவு) எண்ணையோ 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராம எண்ணையோ அடிப்படையாக்குங்கள். ஒரே கண்மாய்க்கு வருவாய்ப் பதிவேட்டில் ஒரு பெயர், பொதுப்பணித்துறைப் பட்டியலில் ஒரு பெயர், ஊரார் வாயில் ஒரு பெயர் இருப்பது உண்டு. மூன்றையும் வையுங்கள். ஊரார் சொல்லும் பெயர் வேறெந்த ஆவணத்திலும் இல்லாமல் இந்த மாணவரின் அட்டவணையில் மட்டுமே இருக்கக்கூடும்.

இட அளவுக்கு ஒரு கணக்கு. 5 சென்டிமீட்டர் நுணுக்கத்தில் எடுத்த டிரோன் படம் ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு 20,000-க்கு 20,000 புள்ளி, மூன்று நிறத்துக்கு 1.2 ஜிபி. படமாக மட்டும் பார்க்கும் பிரதியை கிளவுட் ஆப்டிமைஸ்டு ஜியோடிஃப்பாக (இணையம் வழி தேவையான பகுதியை மட்டும் எடுக்கக்கூடிய பட வடிவம்) மாற்றி ஜேபெக் சுருக்கம் போட்டால் வெகுவாகக் குறையும். உயரத் தரவுக்கு மட்டும் ஜேபெக் போடவே கூடாது. உயர எண்களையே அது மாற்றிவிடும். அதற்கு டிஃப்ளேட் போன்ற இழப்பில்லாச் சுருக்கம்தான். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு கட்டடத்தில். ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் சரிபார்ப்பு எண்களை மீண்டும் ஓட்டிப் பார்க்க ஒருவருக்குப் பொறுப்புக் கொடுங்கள்.

இனி மென்பொருள். ஸ்டான்ஃபோர்டு, பிரின்ஸ்டன் போன்ற பல்கலைக்கழக நூலகங்கள் ஜியோபிளாக்லைட் பயன்படுத்துகின்றன. வரைபடத்தை நகர்த்தித் தேடும் வசதி அருமையானது. ஆனால் அதைப் பராமரிக்க ரூபி நிரல்மொழியும் சோலர் தேடுபொறியும் தெரிந்த ஆள் நிரந்தரமாக வேண்டும். ஜியோநோட் கொஞ்சம் எளிது, அதற்கும் ஜியோசர்வர் என்ற வரைபடச் சேவை மென்பொருள் பின்னால் ஓட வேண்டும். முந்நூறு தொகுப்புக்கு இவை இப்போது தேவையில்லை. டிஸ்பேஸிலேயே ஒவ்வொன்றையும் ஏற்றுங்கள்; பல்கலைக்கழகத்துக்கு ஹேண்டில் முன்னொட்டு பதிவாகியிருந்தால் மாறாத ஹேண்டில் முகவரி கிடைத்துவிடும். எல்லைச் சதுரங்களை மட்டும் ஒரு ஜியோஜேசன் கோப்பாக்கி, லீஃப்லெட் என்ற இணைய வரைபட நிரலை வைத்து ஒற்றைப் பக்க வரைபடம் செய்து, சதுரத்தைத் தொட்டால் டிஸ்பேஸ் பக்கம் திறக்கும்படி இணையுங்கள். சர்வரில் தனியாக எதுவும் ஓடத் தேவையில்லை. சிவில் துறை மாணவர் ஒருவர் ஒரு வாரத்தில் செய்துவிடக்கூடிய வேலை. தொகுப்பு ஆயிரத்தைத் தாண்டி, நேரடியாக டபிள்யூஎம்எஸ் (வரைபடத்தை இணையம் வழி படமாகத் தரும் சேவை) இணைப்பு கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினால் அப்போது ஜியோசர்வரைப் பற்றி யோசிக்கலாம். விவரப் பதிவுகள் ஒழுங்காக இருந்தால் மாற்றுவது சில நாள் வேலை.

முந்நூறையும் ஒரேயடியாகத் தொடாதீர்கள். ஒழுங்கான தொகுப்பு ஒரு மணி நேரத்தில் முடியும், குழப்பமானது அரை நாள் எடுக்கும், சிலவற்றை "மூலம் தெரியவில்லை" என்று எழுதி மூடத்தான் வேண்டியிருக்கும். களப்பணியால் வந்தவற்றை முதலில் எடுங்கள். செயற்கைக்கோள் படத்திலிருந்து செய்ததை யாரும் மறுபடி செய்துகொள்ளலாம், 2008-இல் இருந்த மடையை இனி யாராலும் போய் அளக்க முடியாது. அதற்கும் முன்னால், இந்த ஆண்டு வாய்மொழித் தேர்வுக்கு நிற்பவர்களைப் பிடியுங்கள். இரண்டு பக்கப் படிவம் போதும்: எங்கே, எப்போது, எந்தக் கருவி, ஈபிஎஸ்ஜி எண், எதைப் பார்த்து வரைந்தது, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பொருள், அலகு ஏக்கரா எக்டேரா, வெளியிடச் சம்மதமா, எந்த உரிமத்தில். நூலகத்தின் நிலுவையின்மைச் சான்றிதழுக்குக் கையெழுத்து வாங்க வரும் அன்று அவர் எதிரிலேயே கோப்பை கியூஜிஐஎஸ்ஸில் திறந்து, புள்ளிகள் சரியான ஊரில் விழுகின்றனவா என்று இருவருமாகப் பார்த்துவிட்டு அந்தக் கையெழுத்தைப் போடுங்கள்.